குதிரை பிடித்த மதினி

எங்கள் மதினி எங்கே புறப்பட்டாலும் அங்கே போய்ச் சேருவாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாதியில் திரும்பி வந்துவிடுவாள். திருநெல்வேலிக்கு ஜவுளி எடுக்க என்று பஸ் ஏறினவள் ஆலங்குளத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் வந்து நின்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "சரியாப் படல, வந்துட்டேன்" என்பாள். அதில் வெட்கமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. எங்கள் வீட்டு ஆட்களோ முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டோம் என்று மீசையை முறுக்கியே பாதி வயலைக் கோர்ட்டுக்குத் தின்னக் கொடுத்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு இப்படி ஒருத்தி மருமகளாக வந்தது அம்மாவுக்கு ஜீரணமாகவே இல்லை. எனக்கோ, மதினி செய்கிற காரியங்களைப் பார்த்தால் தானாக வாய் திறந்துகொள்ளும். "வாய மூடுட்டி, ஈ போயிரப் போவுது" என்று அம்மா அதட்டுவாள். மதினி எங்கள் வீட்டில் இருந்த வருஷங்களில் என் வாய் பெரும்பாலும் திறந்தேதான் இருந்தது.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் சென்னையில் போலீஸ் குதிரைப்படையில் இருந்தான். கல்யாணமான மறு வருஷம் லீவில் வந்தவன், கூடவே ஒரு குதிரையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இலத்தூர் வீட்டு வாசலில் இறக்கினான். வெள்ளைப் பெட்டைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களில் சாரட்டு இழுத்துக்கொண்டிருந்ததாம். எங்கேயோ மேளச் சத்தத்துக்கு மிரண்டு ஒரு மாப்பிள்ளையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டதால், சாரட்டுக்காரர் இந்தச் சனியன் வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டார். அண்ணனுக்கு இரக்கமும் உண்டு, வீம்பும் உண்டு. தான் பழக்கிக் காட்டுவதாகச் சவால் விட்டுவிட்டு, லீவு முடிந்ததும் ரயில் ஏறிப் போய்விட்டான். குதிரையும் மதினியும் எங்கள் வீட்டில் தங்கிப்போனார்கள்.

அப்பா அதற்கு மல்லி என்று பேர் வைத்தார். பேர் என்னவோ பூப்போலத்தான். ஆனால் அதற்குப் பயமில்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. குடை விரிந்தால் பயம், பிளாஸ்டிக் குடம் உருண்டால் பயம், நேற்று இருந்த செங்கல் இன்றைக்கு இல்லையென்றால் அதற்கும் பயம். ஒரு ஆடிமாசக் காற்றில் பறந்து வந்த கேரி பை ஒன்று காலில் உரசிவிட்டது. மல்லி கயிற்றை அறுத்துக்கொண்டு பஜாருக்குள் பாய்ந்துவிட்டது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துவிட்டார்கள். ஒரு வாழைப்பழ வண்டி கவிழ்ந்தது. கடைசியில் குளத்துக்கரையில் போய் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஊர் ஆம்பிளைகள் கம்பும் கயிறுமாகப் பாதி வட்டம் கட்டி நின்றார்கள். கிட்டே போக ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை, விட்டுப் போகவும் மனசில்லை.

அப்போது மதினி வந்தாள். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி நக்கினாலே கையை உதறுகிறவள் அவள். எல்லாரையும் விலகிப் போகச் சொன்னாள். பிறகு குதிரையைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, வேறெங்கோ போகிறவள் மாதிரிச் சாய்வாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒரு உதை விட்டால் என்ன ஆவது? ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மல்லி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து, அவள் தோளை மோந்து பார்த்தது. அவள் அப்போதும் அவசரமாகத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தபின், உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலட்டி. எம்மேல அத்தன பேரு கம்போட வந்தா நானும் ஓடத்தான் செய்வேன்" என்றாள்.

அதற்குப் பிறகு மல்லி அவள் பொறுப்பானது. அண்ணன் போனில் சொன்னதில் பாதியைத்தான் கேட்டுக்கொண்டாள். மீதிக்கு யூடியூப் இருந்தது. எந்த நாட்டுக்காரியோ தெரியாது, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மிரளுகிற குதிரைகளைக் கட்டைமேலும் பாலத்துமேலும் நடத்திக் கூட்டிப் போவாள். மதினி மத்தியானம் பாத்திரம் கழுவிப்போட்டுவிட்டு, அதைச் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துப் பார்ப்பாள். அந்த அம்மா பேசினால் விளங்காது, கால் நிற்கிற இடத்தைப் பார்த்தால் விளங்கும் என்பது அவள் கட்சி. பார்த்ததைச் செய்து பார்க்கக் கொல்லையில் தடைகளைப் போட்டாள். பழைய டயர், விழுந்த தென்னை மரம், தண்ணீர் தேக்கிய பாத்தி, வாளிகளின் வரிசை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருந்தது. சம்பந்தமில்லாத மனுஷர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பிளாஸ்டிக் தரையில் கால் வைக்கப் பழக்க ஃபிளெக்ஸ் பேனர்தான் தோது என்று கண்டுபிடித்தாள். எங்கள் பக்கம் விசேஷம் முடிந்தால் ஃபிளெக்ஸ் வைக்கோல் படப்புக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் போய்விடும். எங்கிருந்தோ கிடைத்த ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தாள். காற்று அதைப் புரட்டிப்போட்டதை அவள் கவனிக்கவில்லை. மல்லி முதல்முதலாகத் தைரியம் வந்து முன்னங்காலை எடுத்து வைத்த நேரம், பக்கத்துத் தெரு அண்ணாச்சி தன் அப்பாவின் வருஷத் திதிக்குச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். குளம்பு நின்ற இடம் அவருடைய அப்பாவின் மீசை. கீழே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி.

அரை மணி நேரத்தில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. அப்பா வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டி, எங்கள் கொல்லையில் நாங்கள் எதையும் போடுவோம் என்று ஆரம்பித்தார். ரத்தம் வராமல் முடியாது என்றுதான் நான் நினைத்தேன். மதினி குறுக்கே வந்து, "எம்மேலதான் தப்பு அண்ணாச்சி, பாக்காமப் போட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டைக்கு வந்தவர்களுக்கு அதற்குமேல் பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லை. பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, மடித்து, தானே கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா வரவில்லை. முகம் இல்லாத ஃபிளெக்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று அவர் சம்சாரத்திடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளும் தன் மகள் சடங்கு பேனரில் முகத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து அனுப்பினாள். எனக்கு மறுபடி வாய் திறந்துகொண்டது.

நான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். லீவு நாளில் மதினியோடு மல்லியைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோரம் குற்றாலம் ரோடு வரைக்கும் போவேன். அந்தப் பாதையில் ஒரு இடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே காங்கிரீட் பலகை போட்டிருக்கும். அகலம் உண்டு, மாட்டுவண்டியே போகும். ஆனால் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். மல்லி அங்கே வந்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும். காது இரண்டும் விறைக்கும், மூக்கு புஸ்புஸ் என்னும். மதினி அதன் இடது தோளோரம் நிற்பாள். கயிற்றைத் தளர்த்தி விட்டுவிடுவாள். கயிற்றின் மிச்சத்தை மடித்துப் பிடிப்பாளே ஒழியக் கையில் சுற்றிக்கொள்ள மாட்டாள். குதிரை தலையைத் தாழ்த்திப் பலகையை மோந்து பார்க்கும். பார்க்கட்டும் என்று அவளும் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது ஒரு அடி வைத்தால் கழுத்தைத் தடவுவாள். வைக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, "சரி, நாளைக்கிப் பாப்போம்" என்று திரும்பி நடப்பாள். அப்படி எத்தனையோ நாள் திரும்பியிருக்கிறோம். வாய்க்காலில் குளிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. மதினி வரப்பில் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றை வாங்கி, பலகைமேல் ஏறி, குதிரைக்கு நேர் எதிரே நின்று, வா வா என்று இழுத்தேன். மதினி சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "விலகுட்டி" என்று அலறினாள். கயிற்றை விட்டுப் பக்கத்தில் குதித்தேன். அடுத்த நொடி மல்லி மொத்தமாக எழும்பிப் பாய்ந்து, நான் நின்ற அதே இடத்தில் நான்கு காலோடும் வந்து இறங்கியது. காங்கிரீட்டில் லாடம் பட்டுப் பொறி பறந்தது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்து முதலில் குதிரையைத்தான் தடவினாள். எனக்குக் கோபமாக வந்தது. பிறகு என்னைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னாள். மிரண்ட பிராணிக்கு எதிரே நிற்கக் கூடாது, நீ நிற்கிற இடம் ஒன்றுதான் பத்திரம் என்று அதற்குப் பட்டால் அங்கேதான் பாயும். பக்கத்தில் நிற்க வேண்டும். முன்னால் போக ஒரு வழி, பின்னால் திரும்ப ஒரு வழி, இரண்டும் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திரும்பலாம் என்று தெரிந்தால்தான் நின்று பார்க்கும், இல்லாவிட்டால் பாயும். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பயப்படாதே என்று சொல்லித்தானே கூப்பிட்டேன் என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதட்டி. ஒனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்கு இருக்கில்லா" என்றாள்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் மல்லி அந்தப் பலகையை, அங்கே பலகை என்று ஒன்று இருப்பதையே மறந்தது மாதிரி, வாயில் புல்லை மென்றுகொண்டே கடந்தது. ஆனால் வரும்போது மறுபடி நின்றது. போகும்போது ஒரு கண்ணால் பார்த்தது, வரும்போது அடுத்த கண்ணால் புதுசாகப் பார்க்கிறது, அதற்கும் நேரம் வேண்டும் என்றாள் மதினி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மனுஷர்களிடமும் அவளுக்கு இதே வைத்தியம்தான். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் உடுப்பெல்லாம் மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். ஊரையே மிரட்டுகிற மனுஷன், உள்ளங்கை வேர்த்து உட்கார்ந்திருந்தார். மதினி பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வருவோமா மாமா என்று கேட்டாள். அப்பா உடனே எழுந்துவிட்டார். அம்மா அன்று முழுக்க மதினியை வைதாள். அதே வாரம் அப்பா தானே வேட்டியைக் கட்டிக்கொண்டு, வா போவோம் என்று அவளைக் கூட்டிப்போய் ஆபரேஷனை முடித்துக்கொண்டு வந்தார்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ராஜபாளையம் பக்கம், பெங்களூரில் வேலை. நிச்சயத்துக்குப் பிறகு தினமும் போனில் பேசினான். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கத்தான் பேசினான். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையில் வரவேண்டும், வீடியோவுக்கு அதுதான் எடுப்பு என்று அவர்கள் வீட்டில் ஆசைப்பட்டார்கள். அப்பா சும்மா இருப்பாரா? எங்கள் வீட்டிலேயே குதிரை நிற்கும்போது வாடகைக் குதிரை எதற்கு என்று மார்தட்டிவிட்டார்.

மதினி வேண்டாம் என்றுதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. சரி என்று ஒரு மாசமாக மல்லியைத் தயார் செய்தாள். எங்கள் பக்கம் எல்லைக்கு அந்தப்புறமிருந்து செண்டை மேளம் வராமல் இப்போது கல்யாணமே இல்லை. ஆகவே போனில் செண்டை போட்டு, ஸ்பீக்கரைக் கொல்லையின் கடைசியில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டு வந்தாள். சீரியல் பல்பு, பலூன் வளைவு, ஜெனரேட்டர் ஒயர், சிவப்புக் கம்பளம் எல்லாவற்றையும் தாண்டப் பழக்கினாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டே இரண்டு கேட்டுக்கொண்டாள். வெடியோ, பூவாய்ச் சிதறுகிற பூத்திரியோ கொளுத்தக் கூடாது. குதிரை நின்றால் அதுவாக நகரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்ன என்று தலையாட்டினார்கள்.

ஆனி மாசம், சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மண்டபம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையார் கோவிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. நான் பாதி அலங்காரத்தோடு மாடி ஜன்னலில் நின்றேன். தூரத்தில் கோட்டு சூட்டும் தலைப்பாகையுமாக அவன் குதிரைமேல், பக்கத்தில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதினி. அண்ணன் போலீஸ்காரத் தோரணையில் முன்னால் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தான். எனக்கு அழுகை வரும்போல அவ்வளவு அழகாக இருந்தது. மல்லி செண்டையைத் தாண்டியது. டூரிஸ்ட் பஸ்ஸின் ஆரனைத் தாண்டியது. பலூன் வளைவுக்கு முன் நின்று பார்த்துவிட்டு அதையும் தாண்டியது.

மண்டப வாசலில் ஜெனரேட்டர் ஒயரை மூடி, மேலே கம்பளம் விரித்திருந்தார்கள். சாரலில் நனைந்து, விளக்கு பட்டு, அது தண்ணீர் மாதிரி மின்னியது. மல்லி நின்றது. மதினி கயிற்றைத் தளர்த்தினாள். அது தலையைத் தாழ்த்தி மோந்தது. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதன் எவனோ வாசலின் இரண்டு பக்கமும் பூத்திரியைக் கொளுத்திவிட்டான். குதிரை உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனாலும் பாயவில்லை. மதினி தோளோடு தோள் ஒட்டி நின்றாள். வீடியோக்காரன் வாங்க வாங்க என்று கத்தினான். மாப்பிள்ளை இரண்டு குதிகாலாலும் விலாவில் உதைத்தான். நகரவில்லை. முன்னால் சாய்ந்து, கையிலிருந்த போனின் விளிம்பால் அதன் உச்சந்தலையில் அடித்தான். மறுபடி அடித்தான். மதினி நிமிர்ந்து ஏதோ சொன்னாள். அடிக்காதீர்கள், அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னாளாம். அவன், கயிறு பிடிக்க வந்தவள் கயிற்றைப் பிடி என்றானாம். அதெல்லாம் பிற்பாடு கேட்டது. நான் ஜன்னலிலிருந்து என் கண்ணால் பார்த்தது இதுதான். அவன் அங்கவடியிலிருந்து காலை எடுத்து, ஷூவோடு, மதினியின் தோளில் ஒரு எத்து எத்தினான். என் அண்ணன் பெண்டாட்டி, அவனுக்கு அக்கா முறை.

மதினி தள்ளாடினாள், விழவில்லை. கயிற்றை விடவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, மல்லியின் கழுத்தைத் தட்டி, அதை அப்படியே வட்டமாகத் திருப்பி, மாப்பிள்ளையை மேலே வைத்துக்கொண்டே வந்த வழியே திரும்பி நடந்தாள்.

என் ஜன்மத்தில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற பெண்கள் சிலையானார்கள். முன்னால் போய்விட்ட செண்டைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, மண்டபத்தைப் பார்த்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரைமேல் இருந்தவனுக்குக் குதிக்கப் பயம். திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனான். குடைபிடித்தவன் பின்னாலேயே ஓடினான். வாசல் வரைக்கும் வந்த மாப்பிள்ளை, பின்புறம் காட்டிப் போகிறான். பிள்ளையார் கோவில் வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்கச் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் மண்டபத்தில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் கடைசியாக ஒரு முடிவு சொன்னார். அந்தப் பொம்பளை மேடையில் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை காலில் விழ வேண்டும். விழுந்தால் காலையில் முகூர்த்தம். இல்லையென்றால் வண்டியைக் கிளப்புகிறோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சரி என்று முதலில் சொன்னது அண்ணன். கோபத்தில் கால் பட்டிருக்கும், அவள் விழுந்துவிட்டால் முடிந்தது என்றான். அந்த எத்தை அண்ணனும் கண்ணால் பார்த்தவன்தான். குதிரைமேல் இருக்கிறவன் கால் தற்செயலாக அப்படி வராது என்று அவனுக்குத் தெரியாதா?

மதினியும் மறுக்கவில்லை. விழுகிறேன், அதற்கு முன்னால் கல்யாணப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மாடிக்கு வந்தாள். சேலை நனைந்திருந்தது. பட்டு ரவிக்கையின் தோளில் ஷூவின் சேறு அப்பியிருந்தது. என் எதிரே வரவில்லை. பக்கத்தில் வந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலை அவளும் பார்த்தபடி நின்றாள்.

"ஏட்டி, போணுமா, திரும்பணுமா? போணும்னா நான் போயி கால்ல விழுந்துட்டு வாரேன், காலைல கல்யாணம் நடக்கும். திரும்பணும்னா கீழ வண்டி நிக்கி. எதுன்னாலும் நான் கூட இருக்கேன்" என்றாள்.

அம்மா, தாலி ஏறப்போகிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று தலையில் அடித்துக்கொண்டாள். மதினி நின்றுகொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. போகவும் பயம், திரும்பவும் பயம். திரும்பினால் தெரு என்ன பேசும், அப்பா என்ன ஆவார், இனி எவன் வருவான். போனில் சிரித்துப் பேசின குரலும் நினைவுக்கு வந்தது. நல்ல குரல்தான். அந்தக் குரலையும் இந்தச் சேற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவசரப்படுத்த யாரும் இல்லாததால் நன்றாகவே பார்த்தேன்.

"திரும்பலாம் மதினி" என்றேன்.

நாங்கள் இலத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒருவரும் சாப்பிடவில்லை. நான் மட்டும், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் வீட்டு நடையில் கால் வைத்ததும் உயிர் திரும்பினவள் மாதிரி இருந்தேன். இந்த வீட்டுக்கு ஈடு உலகத்தில் எதுவும் இல்லை என்று தோன்றியது. அண்ணன்தான் வெடித்தான். யாரைக் கேட்டு நீ அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்று மதினியிடம் பாய்ந்தான். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் கொடியில் ஈரத் துண்டை விரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கல்யாணத்தன்னிக்கி எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கேட்டா எப்பிடி இருக்கும்னு நெனச்சிருக்கேன். அதான் கேட்டேன்" என்றாள்.

அழவில்லை, குரல் உயரவில்லை. உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அண்ணன் அவள்மேல் ஒருநாளும் கை நீட்டினவன் இல்லை. குடிக்க மாட்டான். லீவில் வந்தால் அவளுக்கு அல்வா இல்லாமல் வரமாட்டான். அவர்களைப் பார்த்துத்தான் கல்யாணம் என்றால் இப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய முகம் செத்துப்போனது. பிறகு வீம்பை வரவழைத்துக்கொண்டு சிரித்தான்.

"சரி, இப்ப நான் கேக்கேன். போணுமா, திரும்பணுமா?"

மதினி அவனையே பார்த்தாள். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, மல்லியைத் துடைக்க வைக்கோலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோபத்தில் பேசுகிற பேச்சு, விடிந்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் படுத்தோம்.

மறுநாள் எனக்குத் தாலி ஏறியிருக்க வேண்டிய நேரம். அண்ணன் கொல்லையில் மல்லிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். நான் அடுப்படி வாசலில் இருந்தேன். மதினி குளித்து, சாதாரணச் சேலை கட்டி, காப்பியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"நேத்து கேட்டியல்லா. ராத்திரி பூரா பாத்தேன். திரும்பணும்."

அண்ணன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். எங்கே என்று கேட்டான். முதலில் வீரகேரளம்புதூர், அப்பா வீடு, அதற்கப்புறம் எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை என்றாள். அவனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் காப்பியைக் குடிக்காமல் திட்டில் வைத்தான். வைத்துவிட்டு, மல்லியின் கயிற்றை அவனே அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, போகாதே மதினி, என்னால்தானே என்று அழுதேன். உன்னால் இல்லை என்றாள். நான் ஓடி வந்து ஒண்டின வீட்டிலிருந்துதான் அவள் போகிறாள் என்பது என் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றது.

அம்மா ஒருத்திதான் அவளைத் தடுக்க முடியும். வாயைத் திறந்தால் தெருவே அடங்கும் அம்மாவுக்கு. நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா இட்லிச் சட்டியை இறக்கி வைத்து, ஒரு தட்டைக் கழுவி எடுத்தாள்.

"உக்காரு, சாப்புட்டுட்டுக் கெளம்பு. குதிரையோட நடக்கணும்லா, தூரம்" என்றாள்.